அணைத்த பிறகும் மெஷினுக்குள் தண்ணீர் சேருகிறது: போர்டா, வால்வா?

மாடப்புறா (திருப்பூர்):
எங்கள் வீட்டு டாப் லோடு வாஷிங் மெஷினில் துணியைப் போட்டு ஸ்டார்ட் கொடுத்தால் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, பாதி நிரம்புவதற்குள் பீப் அடித்து நின்றுவிடுகிறது. அது போதாதென்று ராத்திரி அணைத்துவிட்டுப் படுத்தால் காலையில் டிரம்மில் ஒரு சாண் தண்ணீர் நிற்கிறது. பார்க்க வந்த மெக்கானிக் எதையும் கழற்றாமலே "போர்டு போச்சு, மாத்தணும்" என்கிறார், மெஷினை இயக்கும் அந்த எலக்ட்ரானிக் போர்டுக்குப் பல ஆயிரம் செலவு. நாங்கள் இருப்பது மேல் மாடி, தலைக்கு மேலேயே டேங்க், போர் தண்ணீர். உண்மையில் போர்டுதானா, இல்லை தண்ணீர் உள்ளே விடும் வால்வா? கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது.

சேலத்துக்காரன்:
மேல் மாடி என்றால் முதலில் பிரஷரைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும், டேங்க் 2 மீட்டர் மேலே இருந்தால் உங்களுக்கு வருவது 0.2 பார்தான். உங்கள் மெஷினுக்குக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். ஹோஸை மெஷின் பக்கம் கழற்றி பக்கெட்டில் விடுங்கள், ஒரு நிமிஷத்தில் அரை பக்கெட்கூட வரவில்லை என்றால் வால்வை மாற்றியும் பயனில்லை, சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டியதுதான்.

பழைய வயர்மேன்:
தம்பி, போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், பொறுங்கள். அணைத்துவிட்டு என்கிறீர்களே, பட்டனை அணைத்தீர்களா, பிளக்கையே பிடுங்கினீர்களா? இந்த வால்வு கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும், கரண்ட் வந்தால்தான் திறக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, குழாயைத் திறந்தே வைத்து, அப்போதும் உள்ளே தண்ணீர் ஏறினால் போர்டின் மேல் பழி போட வழியே இல்லை. பிடுங்கியதும் நின்றால் போர்டையும், தண்ணீர் மட்டம் பார்க்கும் பிரஷர் சென்சாரையும் பார்க்கலாம். குழாயையும் மூடிய பிறகு தண்ணீர் சேர்ந்தால் அது வெளியேற்றும் ஹோஸ் வழியாகத் திரும்பி வருவது, சாக்கடை வாடை அடிக்கும்.

வால்வுக்குள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதில் ஊசி முனை அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் மேல் பக்கம் போய் நிறைந்து, அதன் அழுத்தம்தான் ரப்பரைக் கீழே அமுக்கி வழியை அடைக்கிறது. வால்வின் கம்பிச் சுருளான காயிலுக்குக் கரண்ட் வந்தால் நடுவில் இருக்கும் சின்னத் தண்டு மேலே இழுபட்டு, மேலே தேங்கிய தண்ணீர் வடிந்து, ரப்பர் எழும்பும். அந்த ஓட்டையிலோ ரப்பர் விளிம்பிலோ ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் சரியாக மூடாது. பிரஷர் ரொம்பக் குறைந்தாலும் அமுக்க வலு இல்லாமல் கசியும், சேலத்துக்காரர் சொன்னதை அதனால் தள்ளிவிடாதீர்கள்.

மெதுவாக நிரம்புவதற்குக் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, ஹோஸ் மாட்டும் வாய்க்குள் இருக்கும் சல்லடையைப் பிளையரால் மெல்ல இழுத்து எடுங்கள். போர் தண்ணீர் என்றால் உப்பு படிந்திருக்கும், எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேய்த்தால் போகும். சல்லடை இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், மணல் நேராக ரப்பருக்குப் போய்விடும்.

அப்புறம் காயில். ஒயரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரண்டு முனையிலும் மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். 220-240 வோல்ட் என்று போட்ட வால்வில் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. கரண்ட் இருக்கும்போது ஒயரைத் தொட்டு அளக்க வேண்டாம், அது தெரிந்தவர்கள் வேலை.

கடலூர் வாசகி:
எங்கள் வீட்டில் தண்ணீர் நிற்காமல் நிரம்பியது, ஆனால் பிளக்கைப் பிடுங்கியதும் நின்றது. தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சாருக்குப் போகும் சின்னக் காற்று டியூபில் விரிசல். டியூபை மட்டும் மாற்றியதில் சரியானது. வயர்மேன் ஐயா சொன்ன பிளக் சோதனையை முதலில் செய்யுங்கள்.

மாடப்புறா:
செய்து பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கியும் தண்ணீர் ஏறுகிறது, குழாயை மூடினால் டிரம் காய்ந்து கிடக்கிறது. பக்கெட் நிமிஷத்துக்குள் முக்கால்வாசி நிரம்பியது. சல்லடையில் வெள்ளை உப்பும் செம்மணலும் அப்பியிருந்தது, கழுவியதும் வேகமாக நிரம்புகிறது, பீப்பும் இல்லை. காயில் 4.2 கிலோ ஓம். கசிவு மட்டும் நிற்கவில்லை. ரப்பரை மட்டும் மாற்ற முடியுமா?

பழைய வயர்மேன்:
அப்படியானால் வால்வுதான், போர்டைத் தொடவே வேண்டாம். நிறைய வால்வுகள் பிரிக்க முடியாதபடி ஒட்டி வருகின்றன, முழுதாக மாற்றுவதே நல்லது, சில நூறு ரூபாயில் கிடைக்கும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் வோல்ட், காயில் எண்ணிக்கை, வாய் நேராகவா வளைந்தா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் மரையைக் கையாலேயே இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டால் வெடித்துவிடும். மாட்டியதும் பிளக் போடாமல் குழாயை மட்டும் திறந்துவிட்டு, பத்து நிமிஷம் இணைப்பிலும் டிரம்மிலும் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகு மூடியைப் பூட்டுங்கள். குழாய்ப் பக்கமும் ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள், போர் தண்ணீருக்கு அது கட்டாயம் வேண்டும்.