ஐயாவோட ரங்கூன் கடிதத்துல ஒரு சொல் சிக்கல், உதவுங்க

கானாடுகாத்தான் வீட்டுப் பெட்டகத்துல ஐயா 1938ல ரங்கூன்லருந்து கூட்டாளிக்கு இங்கிலீஷ்ல டைப் அடிச்ச கடிதம் கிடைச்சுது. அடுத்த மாசம் படைப்புல (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறப்ப) பங்காளிகளுக்குத் தமிழ்ல வாசிக்கணும். மூணு வாரமா 'லிபர்ட்டி'லயே நிக்கிறேன்.

ரெண்டு இடத்துல சிக்கல் இல்லை. மாலுமிகளுக்கு லிபர்ட்டின்னா கரையிறங்க அனுமதி. ஜாமீன்ல வந்தவர் 'அட் லிபர்ட்டி'ன்னா வெளியில இருக்கார். உதைக்கிறது இதுதான்: 'உங்களைக் கேட்காம நெல்லை விற்க லிபர்ட்டி எடுத்துக்கிட்டேன்.'

அகராதி சுதந்திரம், விடுதலைங்குது. அரசியலமைப்பு முகப்புரைத் தமிழ்ல 'தன்னுரிமை'. எதுவும் ஒட்டலை. கூகுள்ல போட்டா 'விற்கும் சுதந்திரத்தை எடுத்தேன்'னு ஏதோ கொடியேத்தின மாதிரி வருது. அப்பத்தாவைக் கேட்டா, "சுதந்திரமா? களத்துல ஊர் வேலைக்காரவுகளுக்கு அளந்துவிடுற நெல்லுல்ல அது!" (அதுவும் சரியான பழைய பொருள்தான்.) 'உரிமை எடுத்துக்கிட்டு'ன்னு போட்டேன். பாசம் வருது, ஐயாவோட பணிவு வரலை. 'அதிகப்பிரசங்கித்தனமா'ன்னா திட்டாயிடுது.

கேட்காம செஞ்சதை மரியாதையா ஒத்துக்கிற அந்தத் தொனிக்கு நம்ம பக்கத்துப் பெரியவுக கடுதாசியில என்ன எழுதுவாக?