புதுப்பிப்பு: குடிக்காதவருக்கு ஈடிஜி பாசிட்டிவ், காரணம் கிடைத்துவிட்டது

முன்பு கேட்டிருந்தது இதுதான்: குடிநோய் மீட்பு இல்லத்தில் நீண்டகாலம் தங்கிச் சிகிச்சை பெறும் ஒருவர் வெளியே போகவே இல்லை, ஆனாலும் சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு, அதாவது ஈடிஜி (மது குடித்தால் உடலில் உண்டாகும் பொருள்), பாசிட்டிவ். இல்லத்திலிருந்து அனுப்பிவிடலாமா? அவசரப்படாதீர்கள் என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ‘எத்தில் சல்ஃபேட்டையும் பாருங்கள்’ என்ற யோசனை. ஈடிஎஸ் எனப்படும் இதுவும் குடித்தால் உடலில் உண்டாவதுதான். மீதமிருந்த அதே மாதிரியில் ஈடிஎஸ் துளிகூட இல்லை. குடித்திருந்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். பலர் சந்தேகப்பட்ட மவுத்வாஷ், சானிடைசர் இங்கே பொருந்தவில்லை. பாசிட்டிவ் என்று கணக்கிடும் வெட்டுவரம்பு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்றால் அவையும் மாட்டிவிடும், 500 என்றால் அரிது. இந்த அளவோ அதையும் தாண்டியிருந்தது.

எதிர்பாராதது: அவருக்குச் சர்க்கரை நோய், கூடவே சிறுநீர்த் தொற்று. மாதிரி ஃபிரிட்ஜில் வைக்கப்படாமல் வெளியிலேயே கிடந்திருக்கிறது. சிறுநீரிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் புளிக்கவைத்து ஆல்கஹால் ஆக்கும். ஈகோலை பாக்டீரியா அதிலிருந்து ஈடிஜி உண்டாக்கும். எல்லாம் பாட்டிலுக்குள்ளேயே! ஈடிஎஸ் அப்படி உருவாவதில்லை. உடனே குளிரூட்டி அனுப்பிய புது மாதிரியில் இரண்டுமே நெகட்டிவ்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். அதே ஈகோலை, இருக்கிற ஈடிஜியைச் சிதைக்கவும் செய்யும், குடித்தவர் தப்பிவிடுவார். மாதிரி எடுத்ததும் ஃபிரிட்ஜ், அல்லது கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பி. சிறுநீரில் இயல்பாக வெளியேறும் கழிவான கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நீர்த்த மாதிரி, திரும்ப எடுங்கள். முதல் ஸ்ட்ரிப் சோதனையை மட்டும் நம்பி யாரையும் வெளியே அனுப்பாதீர்கள்.