வெள்ளம், வறட்சி: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று

முடிச்சூர்க்காரன்:
2015 டிசம்பர் 1 ராத்திரி, சென்னை வெள்ளம். கதை எல்லாருக்கும் தெரியும். மாடி வீட்டு அண்ணன் கதவைத் தட்டி எங்களை மேலே கூட்டிப் போய்விட்டார். கரண்ட் இல்லை. கீழே எங்கள் சமையலறையில் காலி சிலிண்டர் மிதந்து சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. டங். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. மறுபடி டங். தாம்பரத்தில் 49 செ.மீ. என்று மறுநாள் சொன்னார்கள். எல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால் வந்த வினை.

சைதை வாசி:
முடிச்சூருக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. உங்கள் ஊர் அதற்கு மேலே இருக்கிறது. உங்களுக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி இறங்கியது ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் எங்கள் சைதாப்பேட்டை தலையில். எதிர்வீட்டுப் பாட்டி டிவியைப் பத்திரமாக மாடியேற்றிவிட்டு, மாத்திரை டப்பாவைக் கீழேயே விட்டுவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தேடினோம்.

காயல்பட்டினம்:
2023 டிசம்பரில் எங்கள் ஊரில் ஒரே நாளில் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடத்துக்கே அவ்வளவு பெய்யாது. சிக்னல் வந்ததும் துபாயில் இருக்கும் மச்சான் கேட்ட முதல் கேள்வி: “நடுவுல புள்ளி விட்டுப்போச்சா, ஒன்பதரையா?” எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மாடியில் கிடந்த அண்டா எப்போதோ நிரம்பி வழிந்திருந்தது.

புழல் ரவி:
2019 ஜூனில் புழல் ஏரிக்குள் நடந்து போனேன், செருப்பில் ஈரம் ஒட்டவில்லை. அது கிடக்கட்டும். மழையை அளக்க அண்டாவை நம்பாதீர்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக, பக்கம் நேராக உள்ள பாத்திரம் வேண்டும். பக்கெட் சரிவு, கணக்கு தப்பும். சுவர், மரத்திலிருந்து தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள், வானிலை மையத்தின் மழை நாளும் 8.30 முதல் 8.30 வரைதான். அளந்ததும் கொட்டிவிடுங்கள். ஒரு மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். உங்கள் மொட்டைமாடியின் அளவால் பெருக்கினால் தொட்டிக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்துவிடும். மழையில்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். வறட்சிக் கணக்குக்கு அந்தப் பூஜ்யங்கள்தான் வேண்டும்.

முடிச்சூர்க்காரன்:
சைதை நண்பரே, சரி, ஆதனூர் ஏரி என்றே வைத்துக்கொள்வோம். செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் வருகிறது. ஆதனூரில் அன்றைக்கு எத்தனை அடி இருந்தது? எங்களுக்கு யார் சொன்னார்கள்?