புதுப்பிப்பு: பவர் பேங்க்குக்குக் கண்டாங்கிச் சேலை உறை தைத்தாயிற்று

அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டில் பவர் பேங்க்குக்கு உறை ஒட்டினால், சூட்டில் பசை இளகி ஓரம் பிரிகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பசையே வேண்டாம், கையால் காஜா தையல் (சட்டையில் பொத்தான் துளையின் ஓரத்தைச் சுற்றிப் போடும் நெருக்கமான தையல்) போடுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. இரட்டை நூலில் தைத்தேன். இரண்டு வாரமாக ஓர் இழைகூடப் பிரியவில்லை. அரக்குச் சிவப்பும் மஞ்சள் கட்டமும் மடிப்பில் நேராகச் சேர்ந்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு அழகு!

எதிர்பாராதது ஒன்று: உறை இறுக்கமாக இருந்ததால் பவர் பேங்க்கின் பக்கவாட்டுப் பொத்தான் அழுந்தியே கிடந்து, அதன் விளக்கு அணையவில்லை. அந்த இடத்தில் கால் அங்குலம் வெட்டி ஓரம் தைத்ததும் சரியாகிவிட்டது. அப்புறம், சார்ஜ் ஏற்றும்போது உறையைக் கழற்றிவிடுகிறேன். துணி சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது.