மேடை மானிட்டருக்கு ‘கேட்பி’ சரிவருமா?

வணக்கம். மேடையில் பாடுபவரும் வாசிப்பவரும் தங்கள் ஒலியையும் மற்றவர்கள் ஒலியையும் கேட்பதற்காக அவர்களை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிதான் மேடை மானிட்டர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் ‘கேட்பி’ என்று நான் சொன்னதற்கு ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்:

> மானிட்டர் என்றால் கண்காணிப்பதுதானே? ‘கண்காணிப்பு ஒலிபெருக்கி’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

எனக்கு ஒப்பவில்லை. கண்காணிப்பு என்றதும் தெருமுனைக் கேமராதான் நினைவுக்கு வரும். மேடையில் இருக்கும் அந்தப் பெட்டி யாரையும் கண்காணிப்பதில்லை. வாசிப்பவருக்கு வேண்டிய ஒலியைக் கேட்கவைக்கிறது, அவ்வளவுதான்.

மின்னணு டிரம்ஸ் வாசிப்பவரைப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். சாதாரண டிரம்ஸ் தானே முழங்கும். அதை வாசிப்பவருக்குப் பாட்டும் பேஸ் கிட்டாரும் மானிட்டரில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மின்னணு டிரம்ஸில் குச்சியால் தட்டும் ரப்பர்ப் பரப்பான பேட் அப்படியில்லை. 1985-இல் வந்த ரோலண்டு ஆக்டோபேடானாலும் சரி, இன்றைய முழு செட்டானாலும் சரி, மானிட்டர் இல்லாவிட்டால் குச்சி ரப்பரில் படும் ‘தப் தப்’ மட்டுமே மேடையில் கேட்கும். மெல்லிசைக் கச்சேரியில் பேட் வாசித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். பெட்டி 3 மீட்டர் தள்ளி இருந்தால், அடித்த அடி 9 மில்லிநொடி கழித்துத்தான் காதுக்கு வரும். அடியை ஒலியாக மாற்றித் தரும் மாட்யூலின் சொந்தத் தாமதமும் அதோடு சேரும். வேகமாக உருட்டும்போது கை முன்னாலும் ஒலி பின்னாலும் போவதுபோல் தோன்றும். அதனால் பெட்டியை எட்டும் தூரத்திலேயே, காதை நோக்கிச் சாய்த்து வைப்பது நல்லது. 10 அங்குலப் பெட்டியில் கிக்கின், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின், அடிவயிற்றுச் சத்தம் சரியாக வராது. பெரிய மேடை என்றால் கூடவே தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்-வூஃபர் பெட்டியும் வைப்பார்கள். இருக்கைக்கு அடியில் அதிர்வுக் கருவியைப் பொருத்திக்கொண்டு கிக்கை உடம்பாலேயே உணர்பவர்களும் உண்டு. அதுவும் ‘கேட்பி’தானா என்று யாராவது மடக்குவீர்கள். ஆமாம் என்றே சொல்வேன்.

பேடுக்கு மைக் கிடையாது என்பதால், பெட்டியின் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து சுற்றிச் சுற்றி வரும் ஊளை அதில் தானாக எழாது. ஆனால் பக்கத்தில் பாடகர் நின்றால் பேட் சத்தம் முழுக்க அவர் மைக்கில் புகுந்துவிடும். முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். முடிந்தவரை அந்தப் பக்கத்தில் பெட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கேட்பித்தல் என்றால் கேட்கச் செய்தல், கேட்பிப்பது கேட்பி. மேடைக் கேட்பி, தரையில் சாய்ந்து கிடப்பதற்குச் சாய்வுக் கேட்பி, காதுக்குள் செருகுவதற்குச் செவிக் கேட்பி என்று சிக்கலில்லாமல் நீள்கிறது. ஆடியோவுக்கு நாம் ஏற்கெனவே புழங்கும் ‘கேட்பொலி’யோடும் உறவாகிவிடுகிறது. இன்னொரு நண்பர் சொன்ன ‘மீளொலிப்பான்’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிரொலி என்று நினைக்க வைத்துவிடும். தவிர, மேடையில் கத்திச் சொல்லத் தோதான சொல்லாகவும் இருக்க வேண்டுமில்லையா? “அண்ணே, கேட்பில கிக்கை ஏத்துங்க!” நாக்கு தடுக்கவில்லை.

எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்ஸரிலிருந்து கேட்பிக்குத் தனியாகப் பிரிந்து போகும் ஆக்ஸ் இணைப்புக்கு இப்போதைக்குக் ‘கிளைத்தடம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘தடம்’ ஏற்கெனவே ஒலிப்பதிவு டிராக்குக்குப் போய்விட்டதால் குழப்பம் வரும். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.