அடிமை முறை இருந்தும் நான்கு மாநிலங்கள் ஏன் பிரியவில்லை?

வெள்ளவத்தை வாசகன்:
அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி வாசிக்கிறேன், ஒரு இடம் விளங்கவில்லை. தென் மாநிலங்கள் அமெரிக்காவை விட்டுப் பிரிந்ததற்குக் காரணம் அடிமை முறை என்றால், அதே முறை இருந்த கென்டக்கி, மேரிலாந்து, மிசூரி, டெலவேர் ஏன் ஜனாதிபதி லிங்கன் பக்கம் நின்றன? வேர்ஜீனியா ஏன் அவ்வளவு தாமதித்தது? கொழும்புக் கடைகளில் இதைப் பற்றித் தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
தம்பி, காரணம் அடிமை முறைதான், அதில் சந்தேகமே வேண்டாம். பிரிந்த வரிசையைப் பாருங்கள். 1860 டிசம்பர் 20இல் முதலில் போன தென் கரோலினாவிலும் அடுத்துப் போன மிசிசிப்பியிலும் சனத்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள், டெலவேரில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெப்ரவரி தொடங்கும்போது பருத்தி விளைந்த ஏழு மாநிலங்கள் போய்விட்டன, மற்றவை பொறுத்துப் பார்த்தன. பிரிவதா இல்லையா என்று முடிவெடுக்கக் கூட்டிய வேர்ஜீனியா மாநாடு ஏப்ரல் 4இல் பிரிவினையை நிராகரித்தது. பிறகு 12ஆம் திகதி தென் கரோலினாவில் மத்திய அரசின் கையில் இருந்த சம்டர் கோட்டை மீது தெற்கின் பீரங்கித் தாக்குதல், 15ஆம் திகதி லிங்கன் 75,000 படையினரைக் கேட்டார், அதாவது வேர்ஜீனியாக்காரர்களும் தெற்கின் மேல் படையெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நடுவில் நிற்க இடமில்லை. 17ஆம் திகதி அதே மாநாடு பிரிவதற்கு வாக்களித்தது. ஆர்கன்சா, வட கரோலினா, டென்னசி பின்னாலேயே போயின.

தெகிவளை ரவி:
ரீச்சர் சொன்னது சரி, ஆனால் மேரிலாந்து முழு விருப்பத்தோடு நின்றது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அது போயிருந்தால், வேர்ஜீனியாவுக்கும் அதற்கும் இடையில் உள்ள தலைநகர் வாஷிங்டன் எதிரிகளின் நடுவில் அகப்பட்டிருக்கும். அங்கே பால்டிமோர் நகரத் தெருவில் லிங்கனின் படையினர் தாக்கப்பட்ட பிறகு லிங்கன் இராணுவத்தை இறக்கினார், செப்டம்பரில் சட்டமன்ற உறுப்பினர்களையே கைது செய்தார்கள். மிசூரி இன்னும் மோசம்: மாநாடு பிரிவினை வேண்டாம் என்றது, ஆளுநர் தெற்கின் பக்கம் சாய்ந்தார், ஊருக்குள்ளேயே பல வருடம் ஒருவரை ஒருவர் கொன்றார்கள்.

மருதானை நூலகப் பூனை:
கென்டக்கி நடுநிலை என்றே அறிவித்தது. செப்டம்பரில் தெற்குப் படை கொலம்பஸ் ஊரைப் பிடித்ததும் சட்டமன்றம் ஒன்றியத்தின் (லிங்கன் அரசின்) பக்கம் திரும்பியது. வேர்ஜீனியாவின் மேற்கு மலைப் பகுதி தனியாகப் பிரிந்து 1863இல் புது மாநிலமானது.

தம்பி, ஒன்றியத்தில் நின்றவர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதைக் காப்பாற்ற ஒன்றியத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று கணக்குப் போட்டவர்கள் நிறையப் பேர். இந்த மாநாடுகளில் ஒரு அடிமைக்கும் வாக்கு இல்லை. பிரிந்த மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று லிங்கன் அறிவித்த 1863 விடுதலைப் பிரகடனம்கூட இந்த நான்கு மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. கென்டக்கியிலும் டெலவேரிலும் அடிமை முறை 1865 டிசம்பர் வரை சட்டப்படியே இருந்தது.