புதுப்பிப்பு: செகண்ட் லைஃபில் அவதாரம் புகையாகவே நின்ற சிக்கல் தீர்ந்தது

திருகோணமலை உப்புவெளியிலிருந்து டொங்கிள் இணைப்பில் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகுக்குள் நுழையும்போது என் அவதாரம் (அங்கே என்னைக் குறிக்கும் உருவம்) உருப்பெறாமல் வெண்புகையாகவே நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. தற்காலிகச் சேமிப்பை அழித்ததில் பலன் கிடைக்கவில்லை, எல்லாவற்றையும் மீண்டும் தரவிறக்க நேர்ந்து டேட்டாதான் கரைந்தது. அவதாரத்தின் தோற்றத்தைப் புதுப்பிக்கக் கண்ட்ரோல், ஆல்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்துமாறு ஓர் அண்ணா சொன்னதையும், பார்வைத் தூரத்தை (எவ்வளவு தொலைவு வரை உள்ளவை திரையில் தெரியும் என்ற அளவை) 64 மீற்றராகக் குறைக்குமாறு இன்னொருவர் சொன்னதையும் சேர்த்துச் செய்தபோதே உடலும் உடையும் தெளிந்தன. தலைமயிர் மட்டும் சற்றுப் பிந்தியே வந்தது. ஒரு பிரதேசத்தின் (அவ்வுலகின் ஒரு சதுர நிலப்பகுதியின்) பக்கம் 256 மீற்றர் என்பதால் இப்போது மறுகோடி தெரிவதில்லை. நடந்து திரிய இது தாராளமாகப் போதும், ஆனால் பறக்கும்போது கட்டடங்கள் திடீரென முகத்துக்கு நேரே முளைக்கின்றன. படம் எடுக்கும் வேளையில் மட்டும் தூரத்தைக் கூட்டிக்கொள்கிறேன்.